அடைக்கலம் என்னும் சொல்லும் அதன் விலையும்
‘குவோ வாடிஸ், அயிதா?’ திரைப்படம் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

போரைப் பற்றி நம் காலத்தில் வெளிவந்துள்ள திரைப்படங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை பார்ப்போரின் இரக்கத்தைத் தூண்டி அத்துடன் அமைந்துவிடுகின்றன. 2020ஆம் ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற ‘குவோ வாடிஸ், அயிதா?’ என்னும் போஸ்னியத் திரைப்படம் அவ்வளவில் நின்றுவிடுவதன்று. ‘பாதுகாப்பு’, ‘சமாதானம்’ என்னும் சொற்களை யார் சொல்லலாம், சொன்னவர் அவற்றுக்கு என்ன விலை கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் வினாவை அது எழுப்புகிறது. வாரந்தோறும் இதே சொற்களைப் பீடத்திலிருந்து கூறுகின்ற நமக்கு இவ்வினா அயலானதன்று. ஆகவே இதனை ஒரு கலைப்படைப்பாகவும் இறையியல் சிந்தனைக்குரிய பொருளாகவும் ஆராய்வது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

திரைப்படமும் அதன் பின்னணியும்

இதனை இயக்கிய யாஸ்மிலா ஜ்பானிச் 1974இல் சராயேவோ நகரில் பிறந்தவர். போரில் வன்கொடுமைக்குள்ளான ஒரு தாயின் கதையைக் கூறும் ‘கிர்பாவிட்சா’ என்னும் இவருடைய முந்தைய திரைப்படம் 2006இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. இப்போது நாம் ஆராயும் படம் 2021இல் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டதோடு, அதே ஆண்டில் ஐரோப்பாவின் சிறந்த திரைப்படம் என்னும் விருதையும் பெற்றது.

கதை 1995 ஜூலையில், கிழக்குப் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா என்னும் சிற்றூரில் நிகழ்கிறது. அயிதா ஒரு பள்ளி ஆசிரியை. போர்க்காலத்தில் ஐக்கிய நாடுகள் படையின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறாள். ஊர் வீழ்கிறது. மக்கள் பொட்டோச்சாரியில் இருந்த நெதர்லாந்துப் படையினரின் தளத்தை நோக்கி ஓடுகின்றனர். அயிதா உள்ளே இருக்கிறாள். அவளுடைய கணவனும் இரு மைந்தரும் வாயிலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் இருக்கின்றனர். அவர்களை உள்ளே கொண்டுவரவும், வந்த பின் வெளியே அனுப்பப்படாமல் காக்கவும் அவள் ஓடும் ஓட்டமே படத்தின் பெரும்பகுதியாகும்.

அயிதா கற்பனைப் பாத்திரம். ஆயினும் நிகழ்ச்சிகள் கற்பனையல்ல. அத்தளத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, தம் தந்தை, தாய், தம்பி மூவரையும் இழந்த ஹசன் நுஹானோவிச் என்பார் எழுதிய நூல் இப்படத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது. 1995 ஜூலை 11இல் ராட்கோ மிலாதிச்சின் செர்பியப் படை ஊரைக் கைப்பற்றிய பின் சில நாள்களில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 25,000 பெண்களும் குழந்தைகளும் முதியோரும் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான அனைத்துலகக் குற்றவியல் தீர்ப்பாயம் 2001இல் இதனை இனப்படுகொலை எனத் தீர்ப்பளித்தது. 2007இல் அனைத்துலக நீதிமன்றமும் அவ்வாறே கண்டது. மிலாதிச்சுக்கு 2017இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் மேல்முறையீட்டில் உறுதி செய்யப்பட்டது.

ஆறு பட்டணங்களும் ஆறு பகுதிகளும்

படத்தைப் புரிந்துகொள்ள, அதன் பின்னே உள்ள ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும். அச்சொல் ‘பாதுகாப்புப் பகுதி’ என்பதாகும். 1993 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் படைத்தலைவர் பிலிப் மொரியோன் ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு வந்தபோது, முற்றுகையில் பட்டினி கிடந்த மக்கள் அவரைப் போகவிடவில்லை. அவர்கள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பில் இருப்பதாகவும், தாம் அவர்களைக் கைவிடப்போவதில்லை என்றும் அவர் அறிவித்தார். அதன்பின் 1993 ஏப்ரல் 16இல் பாதுகாப்பு அவை 819ஆம் தீர்மானத்தின் வழியாக அவ்வூரைப் பாதுகாப்புப் பகுதி என அறிவித்தது. மே திங்களில் சராயேவோ, துஸ்லா, ஜெப்பா, கொராஜ்தே, பிஹாச் ஆகிய ஐந்தும் சேர்க்கப்பட்டன. ஆக மொத்தம் ஆறு.

இவ்வெண்ணைக் கேட்கும் திருமறை மாணவர் யோசுவா 20ஆம் அதிகாரத்தை நினைப்பர். அங்கும் அடைக்கலப்பட்டணங்கள் ஆறு. எண்ணிக்கை ஒத்திருப்பது தற்செயலே. மேலும் அப்பட்டணங்கள் கைப்பிசகாய்க் கொலை செய்தவனுக்காக ஏற்பட்டவை; போரில் ஓடிவரும் மக்களுக்காக ஏற்பட்டவையல்ல. இவ்வேறுபாட்டை மறந்து ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது சரியான விளக்கமுறை ஆகாது. எனினும் அடைக்கலம் என்பது எவற்றால் ஆனது என்பதை அப்பகுதி நமக்குத் தெளிவாகக் கற்பிக்கிறது. உபாகமம் 19இன்படி அங்கே செல்லும் வழி செப்பனிடப்பட வேண்டும். எண்ணாகமம் 35இன்படி அந்நியனுக்கும் அங்கே இடம் உண்டு. யோசுவா 20இன்படி மூப்பர்கள் பட்டண வாயிலில் அவனுடைய வழக்கைக் கேட்டு, உள்ளே சேர்த்து, குடியிருக்க இடம் கொடுக்க வேண்டும். பழிவாங்குவோன் துரத்தி வந்து நின்றாலும் அவன் கையில் ஒப்புக்கொடுக்கலாகாது. தவறினால் குற்றமற்ற இரத்தத்தின் பழி அந்தச் சமுதாயம் முழுவதன்மேலும் சுமரும் என்று உபாகமம் எச்சரிக்கிறது. அடைக்கலத்தின் உயிர்நிலை ‘ஒப்புக்கொடாமை’ என்பதே.

இனி, பாதுகாப்பு அவையின் சொற்களை நோக்குவோம். 1993 ஜூன் 4இல் நிறைவேறிய 836ஆம் தீர்மானம் அப்பகுதிகளின்மேல் தாக்குதல் நிகழாதவாறு ‘தடுத்து அச்சுறுத்தும்’ பொறுப்பை அமைதிப்படைக்கு அளித்தது; ‘காத்துப் போரிடும்’ பொறுப்பை அளிக்கவில்லை. இப்பணியை வலிமையோடு செய்ய ஏறத்தாழ 34,000 வீரர் கூடுதலாகத் தேவை என மதிப்பிடப்பட்டது. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டதோ 7,600 பேர் என்னும் எளிய வழி. சொல் முழு அளவில் வழங்கப்பட்டது. அதற்குரிய விலையில் நான்கில் ஒரு பங்குகூடக் கொடுக்கப்படவில்லை.

இதன் பின்னே மற்றொரு காரணமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என விதிக்கிறது. அதுவும் ஒப்புக்கொடாமையே. ஆனால் அவ்விதி எல்லையைக் கடந்து வந்தவனுக்கே உரியது. யூகோஸ்லாவியாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறி வந்த அந்நாள்களில், மக்களை அவர்கள் நாட்டினுள்ளேயே காக்க வேண்டும் என்னும் கருத்து ஐரோப்பிய அரசுகளுக்கு இனிமையாக இருந்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையராக இருந்த சதாக்கோ ஒகாத்தா அம்மையார் இக்கட்டான நிலையில் நின்றார். மக்களை வெளியேற்றினால் இனத் துடைப்புக்குத் துணைபோனதாகும். வெளியேற்றாவிட்டால் அவர்களைக் கொலைக்களத்தில் விட்டதாகும். மனிதாபிமானச் சிக்கல்களுக்கு மனிதாபிமானப் பணி மட்டுமே தீர்வாகாது, அரசியல் தீர்வு வேண்டும் என்று அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

மொழிபெயர்ப்பாளரின் வாய்

ஜ்பானிச் இவ்வரலாற்றை விரிவுரையாகக் கூறவில்லை. அதனை ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறார். இதுவே படத்தின் தலையாய சிறப்பு என்போம். கட்டளையிடுவோர் நெதர்லாந்து அதிகாரிகள், கேட்போர் ஊர்மக்கள், நடுவில் அயிதா. வானூர்தித் தாக்குதல் வரும் என்று படைத்தலைவர் கர்ரெமன்ஸ் உறுதி கூறுகிறார். அவள் அதனைத் தன் மக்களின் மொழியில் கூறுகிறாள். அஞ்ச வேண்டாம், ஒழுங்காக இருங்கள், வரிசையாக வெளியேறுங்கள் என்கிறார்கள். அவளே அதனையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறாள். சொல் அவளுடையதன்று. ஆனால் மக்கள் நம்புவது அவள் குரலை. ஏனெனில் அவள் அவர்களுள் ஒருத்தி. அவர்கள் பிள்ளைகளின் ஆசிரியை. தான் அறிவிப்பதைத் தானே நம்பவில்லை என்பதை, அறிவித்து முடித்தவுடன் தன் மக்களை ஒளித்துவைக்க அவள் ஓடும் ஓட்டம் காட்டிவிடுகிறது.

அயிதாவாக நடித்துள்ள யாஸ்னா ஜூரிச்சிச்சின் முகம் இங்கே பேசுகிறது. நம்பிக்கையூட்டும் சொற்களை வாய் கூறும்போது கண்கள் வாயிலைத் தேடுகின்றன. அவர் செர்பிய நாட்டு நடிகை. மிலாதிச்சாக நடித்த போரிஸ் இசாகோவிச் அவருடைய கணவர். கொலையாளியின் இனத்தைச் சேர்ந்த இருவர் இக்கதையைத் தங்கள் உடலில் ஏற்றுக் கூறியிருப்பது தன்னளவிலேயே ஒரு சாட்சி எனலாம்.

போதகர்கள் இக்காட்சிகளை எளிதில் கடந்துபோக இயலாது. நாமும் மொழிபெயர்ப்பாளர்களே. நம்முடையதல்லாத சொல்லை நம்முடைய மக்களின் மொழியில் கூறுவது நம் அழைப்பு. மக்கள் நம்மை நம்புவதும் நாம் அவர்களுள் ஒருவராய் இருப்பதாலேயே. எரேமியா தம் நாளைய தீர்க்கரையும் ஆசாரியரையும் கடிந்துகொண்டது, அவர்கள் தீய சொற்களைக் கூறியதற்காக அன்று, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்னும் நல்ல சொல்லைக் கூறி மக்களின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்கியதற்காகவே (எரே. 6, 8). மேலிடம் தந்த ஆறுதலை ஆராயாமல் அறிவிக்கும் வாய், அறிவித்தவனின் நல்லெண்ணத்தால் குற்றம் நீங்கியதாகிவிடுவதில்லை.

பேச்சுவார்த்தை மேசை

படத்தின் நடுப்பகுதியில் பிராட்டுனாட்ஸ் ஊரின் ஃபொன்டானா விடுதியில் நிகழ்ந்த பேச்சுவார்த்தை காட்டப்படுகிறது. பொதுமக்களின் பேராளராகச் சிலர் வேண்டும் எனக் கேட்கப்படுகிறது. துணிந்து வருவோர் சிலரே. அயிதாவின் கணவன் நிகாத் அவர்களுள் ஒருவன். அப்படி ஒருவனாவது அவள் வேலியின் உட்புறத்துக்கு வருவான் என்பதற்காகவே அவள் அவனை முன்னே தள்ளுகிறாள். மிலாதிச் படப்பிடிப்புக் கருவியின் முன் பேசுகிறான். ஆயுதங்களை ஒப்படைத்தால் வாழலாம், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்கிறான். பின்னர் அவன் ஆட்கள் ரொட்டி வழங்குவதும் கருவியின் முன்னிலையிலேயே நிகழ்கிறது.

மேசை உண்டு, இருதரப்பும் உண்டு, நடுவரும் உண்டு. ஆயினும் அது பேச்சுவார்த்தை அன்று. ஒரு தரப்பினர் ‘ஒப்பவில்லை’ என்று கூறக்கூடிய நிலையில் இல்லையெனில், அங்கே நிகழ்வது கட்டளையை அறிவித்தலே. நடுவராய் அமர்ந்திருப்பவர் தம் நடுநிலையால் அக்கட்டளைக்கு உடன்பாட்டின் தோற்றத்தை அளிக்கிறார். இதனை இயக்குநர் உரையாடலால் விளக்காமல் கோப்பைகளாலும் நாற்காலிகளாலும் அமைதியாகக் காட்டியிருப்பது போற்றத்தக்கது. ஒப்புரவாக்குதல் பற்றிக் கற்பிக்கும் நாம் இதனைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. சாதிப் பூசலிலும் குடும்பப் பூசலிலும் இருதரப்பையும் அழைத்து அமர்த்தி, இருவரும் விட்டுக்கொடுங்கள் என்று கூறுவது நம் சபைகளில் வழக்கம். வலியவன் விட்டுக்கொடுப்பதற்கும், எளியவன் விட்டுக்கொடுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அம்மேசையில் எடுத்துரையாத நடுநிலை, நடுநிலையாகாது.

பட்டியல்

தளத்தினுள் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தனர். அவர்களையும் வெளியே அனுப்ப முடிவாகிறது. ஐக்கிய நாடுகளின் பணியாளர் பட்டியலில் உள்ளவர் மட்டுமே தங்கலாம். தன் மைந்தரின் பெயர்களையும் சேர்க்குமாறு அயிதா துணைத்தலைவர் ஃபிராங்கனிடம் மன்றாடுகிறாள். பொய்ப்பெயரைச் சேர்த்தால் பட்டியல் முழுவதும் ஐயத்துக்குள்ளாகும் என அவர் மறுக்கிறார். அவர் கொடியவராகக் காட்டப்படவில்லை. களைத்தவர், விதியைப் பற்றிக்கொண்டு நிற்பவர். பிலாத்து கைகழுவியதோடு அவரை ஒப்பிட்டுவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. பிலாத்துவிடம் அதிகாரம் இருந்தது. இவர்களிடமோ மிகச் சிறிதளவே இருந்தது.

அச்சிறிதளவைக் கொண்டு அவர்கள் என்ன செய்திருக்க முடியும் என்பதே வினா. சில நூறு வீரர்கள், மிலாதிச்சின் படையை எதிர்த்து நின்றிருக்க முடியுமா எனப் பலர் கேட்பதுண்டு. இவ்வினாவுக்கு நெதர்லாந்தின் நீதிமன்றங்கள் நுண்மையான விடை கண்டுள்ளன. 2013இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ஹசன் நுஹானோவிச்சின் தந்தை, தம்பி, தளத்தின் மின்பணியாளர் ரிசோ முஸ்தாஃபிச் ஆகிய மூவரின் இறப்புக்கும் நெதர்லாந்து அரசு பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. 2019இல் தளத்தினுள் இருந்த ஏறத்தாழ 350 ஆடவரைப் பொறுத்து, அவர்கள் உள்ளேயே விடப்பட்டிருந்தால் உயிர் பிழைத்திருக்கக்கூடிய வாய்ப்பைப் பத்தில் ஒன்று என மதித்து, அந்த அளவுக்குப் பொறுப்பை வரையறுத்தது. ஊர் வீழ்ந்ததற்காக அன்று, உள்ளே இருந்தவரை வாயிலுக்கு வெளியே அனுப்பியதற்காகவே இத்தீர்ப்புகள். தீமையை வெல்ல இயலாமை வேறு. நம் வாயிலுக்குள் வந்துவிட்டவனை ஒப்புக்கொடுத்தல் வேறு. யோசுவா 20 மூப்பரிடம் கேட்டது பழிவாங்குவோனைத் தோற்கடிக்கும் வலிமையை அன்று. கதவைப் பூட்டிவைக்கும் உறுதியை மட்டுமே கேட்டது. ‘நாங்கள் சிறுபான்மையினர், எங்களால் என்ன இயலும்’ என்று அடிக்கடி கூறுகின்ற நம் திருச்சபைக்கு இவ்வேறுபாடு பெரிதும் வேண்டப்படுவதாகும்.

அயிதா தன் குடும்பத்துக்காக மட்டுமே ஓடுகிறாள் எனச் சிலர் குறை கூறலாம். வேலிக்கு வெளியே நின்ற மற்றைய ஆயிரவர்? படம் இவ்வினாவை மறைக்கவில்லை. அவள் தன் மைந்தரை இட்டுச்செல்லும்போது பிறருடைய முகங்கள் அவளை நோக்குகின்றன. அவளைப் புனிதவதியாக ஆக்காமல் தாயாகவே விட்டிருப்பது இயக்குநரின் நேர்மை. ஒரு தாய் தன் பிள்ளையையா பிறர் பிள்ளையையா காப்பது என்று தெரிந்துகொள்ளும் நிலைக்கு அவளைத் தள்ளிய ஏற்பாட்டின்மேல் செல்ல வேண்டிய குற்றச்சாட்டை அவள்மேல் சுமத்துதல் முறையன்று.

எங்கே போகிறாய்?

படத்தின் தலைப்பு இலத்தீன் தொடர். உரோமையிலிருந்து தப்பியோடிய பேதுரு வழியில் கிறிஸ்துவைக் கண்டு எங்கே போகிறீர் எனக் கேட்டதாகவும், மீண்டும் சிலுவையில் அறையப்படுவதற்கு உரோமைக்குப் போவதாக அவர் விடையளித்ததாகவும், பேதுரு திரும்பிச் சென்றதாகவும் ‘பேதுருவின் நடபடிகள்’ என்னும் தள்ளுபடி நூல் கூறும். மேலைநாட்டார் தலைப்பைக் கண்டதும் இக்கதையையே நினைப்பர். நாம் மற்றொரு பகுதியைச் சுட்ட விரும்புகிறோம். இலத்தீன் வேதத்தில் இதே சொற்கள் ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்திலும் வருகின்றன. வனாந்தரத்து நீரூற்றின் அருகே ஆகாரைக் கண்ட தூதன், அவள் எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என இரு வினாக்களைக் கேட்கிறான். ஆகார் முதல் வினாவுக்கு மட்டுமே விடை கூறுகிறாள். இரண்டாம் வினாவுக்கு அவளிடம் விடை இல்லை. எல்லா அகதிகளின் நிலையும் இதுவே. முஸ்லிம் மக்கள் தங்கள் தாயாக மதிக்கும் ஆகாரின் நிலையில் அயிதா என்னும் முஸ்லிம் தாய் நிற்பதைத் தலைப்பு நமக்கு உணர்த்துகிறது. இயக்குநர் இதனைக் கருதினாரோ அன்றோ, திருமறையைக் கற்போர் இதனைக் காணாதிருக்க இயலாது.

ஆகாருக்குத் தூதன் கூறியது நமக்கு இடறலாயிருக்கிறது: திரும்பிப் போ என்றான். கொடுமை செய்த வீட்டுக்கே திரும்பிப் போ. படத்தின் இறுதிப்பகுதியும் ஒரு திரும்புதலே. 1995 நவம்பர் 21இல் டேட்டனில் இணங்கப்பெற்று, டிசம்பர் 14இல் பாரிசில் கையொப்பமான சமாதான உடன்படிக்கை போரை நிறுத்தியது. ஆனால் ஸ்ரெப்ரெனிட்சாவைச் செர்பியக் குடியரசின் எல்லைக்குள் வைத்தது. அதே உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு, அகதிகள் அனைவரும் தங்கள் சொந்த வீடுகளுக்குத் திரும்பும் உரிமை உடையவர் எனக் கூறிற்று. போருக்கு முன் 44 இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடிழந்திருந்தனர். வீடுகளை உரியவருக்கு மீட்டளிக்கும் பணி நெடிது உழைத்துச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 2,00,000 விண்ணப்பங்களுள் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. 2004க்குள் பத்து இலட்சம் பேர் திரும்பியதாக அகதிகள் ஆணையம் அறிவித்தது. இது சிறிய செயலன்று. எனினும் 1991 கணக்கெடுப்பில் 36,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஸ்ரெப்ரெனிட்சா வட்டாரத்தில் 2013இல் 13,000 பேரளவே இருந்தனர். வீட்டுச்சாவியைத் திருப்பித் தரும் சட்டம், அவ்வீட்டில் அச்சமின்றி உறங்கும் வாழ்வைத் தந்துவிட இயலவில்லை.

இப்புள்ளிவிவரங்கள் எல்லாவற்றையும் ஜ்பானிச் ஒரு படிக்கட்டில் காட்டிவிடுகிறார். அயிதா தன் பழைய வீட்டின் கதவைத் தட்டுகிறாள். அங்கே குடியிருக்கும் இளம் பெண் அவளை மரியாதையோடு உள்ளே அழைத்து, பழைய நிழற்படங்களை எடுத்துத் தருகிறாள். அயிதா இறங்கி வரும்போது படிக்கட்டில் எதிரே ஏறிவருபவன், அவளுடைய ஆடவரைக் கொண்டுசென்ற அதிகாரி. அவ்வீடு இப்போது அவனுடையது. பின்னர் ஒரு கூடத்தில் எலும்புகளும் கிழிந்த ஆடைகளும் விரிக்கப்பட்டிருக்க, பெண்கள் அவற்றினிடையே நடக்கின்றனர். அரசியல் தீர்வுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட தன் குமாரரின் உடல்களைப் பாறையின்மேல் காத்திருந்த ரிஸ்பாளை (2 சாமுவேல் 21) நாம் நினைக்கிறோம். அயிதா தன் மக்களை அங்கே கண்டு தரையில் வீழ்கிறாள்.

இறுதியில் அவள் மீண்டும் பள்ளியில் ஆசிரியை. சிறு பிள்ளைகள் மேடையில் கைகளால் கண்களை மூடியும் திறந்தும் ஆடுகின்றனர். பெற்றோர் வரிசையில் அந்த அதிகாரியும் இருக்கிறான். ஆகாருக்குத் திரும்பிப் போ என்ற கட்டளை மட்டும் தரப்படவில்லை. வாக்குத்தத்தமும் தரப்பட்டது. அவள் கடவுளுக்கே ஒரு பெயரிட்டாள்: தன்னைக் காண்கின்ற கடவுள். திருமறையில் கடவுளுக்குப் பெயரிட்டவர் ஓர் அடிமைப் பெண், ஓர் அகதி. காணப்படுதலின்றித் திரும்புதல் அடிமைத்தனத்துக்குத் திரும்புதலே ஆகும். இப்பகுதியைப் பொறுமையையும் அடக்கத்தையும் கற்பிக்க மட்டும் பயன்படுத்தும் அருளுரைகளை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். துன்புற்றவரின் துன்பம் கண்டுகொள்ளப்பட்டு ஏற்றுக்கொள்ளப்படும் வரையில், அவரை நோக்கி ‘மன்னித்துத் திரும்பு’ எனக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. அவ்வினப்படுகொலையை இன்னும் மறுப்போர் உள்ளனர். 2024 மே திங்களில் ஐக்கிய நாடுகள் பொது அவை ஜூலை 11ஐ நினைவுநாளாக ஏற்றபோது, ஆதரித்தவை 84 நாடுகளே. 19 நாடுகள் எதிர்த்தன, 68 நாடுகள் விலகி நின்றன. அப்பிள்ளைகளின் கைகள் இன்னும் முற்றிலும் விலகவில்லை.

படத்தின் குறைகள்

இத்தகைய சிறந்த படைப்பிலும் குறைகள் உள்ளன. முதலாவதாக, பெரும்பாலான ஆடவர் பொட்டோச்சாரிக்கு வரவில்லை. 10,000க்கும் மேற்பட்டோர் காட்டுவழியே துஸ்லாவை நோக்கி நடந்தனர். கொல்லப்பட்டவருள் மிகுதியானோர் அவ்வழியில் பிடிபட்டவரே. தளத்தையே களமாகக் கொண்டதால், அயலார் கொலையின் முழுப் பரப்பையும் அறியாது போகக்கூடும்.

இரண்டாவதாக, 1992, 1993ஆம் ஆண்டுகளில் முற்றுகைக்குள்ளிருந்த முஸ்லிம் படையினர் சுற்றியுள்ள செர்பியச் சிற்றூர்களைத் தாக்கியதைப் படம் பேசவில்லை. அத்தாக்குதல்கள் இனப்படுகொலையை எவ்வகையிலும் நியாயப்படுத்தா. ஆயினும் அவற்றைக் கூறாமல் விடுவது, மறுப்போர் கையில் ஒரு சாக்கை விட்டுவைப்பதாகும். உண்மை முழுவதையும் கூறியபின் எஞ்சும் குற்றமே அசைக்க முடியாத குற்றம்.

மூன்றாவது குறை நமக்கு மிக முக்கியமானது. கொலையாளிகளின் சமயத்தைப் பற்றிப் படம் ஏறத்தாழ மௌனம் சாதிக்கிறது. மிலாதிச் ஊருக்குள் நுழைந்த அன்று, செர்பியத் திருநாளொன்றின் முன்னாளில் இவ்வூரைத் தன் இனத்தாருக்குப் பரிசாக அளிப்பதாகவும், துருக்கியர்மேல் பழிதீர்க்கும் காலம் வந்ததாகவும் படப்பிடிப்புக் கருவியின் முன் கூறினான். கிறிஸ்துவின் பெயர் தாங்கிய ஒரு சமூகத்தின் திருநாளும் நினைவுகளும் கொலைக்கு மொழியாயின. முஸ்லிம் இயக்குநர் இதனைச் சுட்டாமல் விட்டது பெருந்தன்மையாக இருக்கலாம். கிறிஸ்தவத் திறனாய்வாளர் சுட்டாமல் விடுவது பெருந்தன்மையாகாது. அவர்கள் கிழக்குச் சபையார், நாம் சீர்திருத்தச் சபையார் என்று விலகி நிற்கவும் இயலாது. இனத்தின் பெருமையைத் திருமறையின் சொற்களால் முடிசூட்டும் பழக்கம் எச்சபைக்கும் உரிய சோதனையே.

நம்முன் உள்ள கேள்வி

தமிழ் பேசும் வாசகருக்கு இப்படம் தொலைவான கதையன்று. 2009இல் வன்னியில் இலங்கை அரசு தானாகவே அறிவித்த ‘பாதுகாப்பு வலயங்களில்’ மக்கள் திரண்டபின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். அங்கே வலயத்தை அறிவித்தது போரிட்ட ஒரு தரப்பு. ஸ்ரெப்ரெனிட்சாவில் அறிவித்தது உலக மன்றம். இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் 1999இல் ஸ்ரெப்ரெனிட்சா பற்றித் தன் தவறுகளை ஏற்று அறிக்கையிட்ட அதே மன்றம், இலங்கையில் தன் செயல்முறைகள் மீண்டும் தவறிவிட்டன என 2012இன் உள் ஆய்வறிக்கையில் கேட்க நேர்ந்தது. ஒருமுறை கற்ற பாடம் மறுமுறை தானாக நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே இறையியல் மாணவர்க்கும் திருப்பணியாளர்க்கும் இத்திரைப்படத்தைப் பரிந்துரைக்கிறோம். இதில் கொலை கண்முன் காட்டப்படுவதில்லை. ஆடவர் அடைக்கப்பட்ட கூடத்தின் திறப்புகளில் துப்பாக்கிகள் தோன்றியதும் காட்சி வெளியே போய்விடுகிறது; ஒலி மட்டும் கேட்கிறது. ஆகையால் சபை மக்களுடனும் இதனைக் கண்டு உரையாடலாம். உரையாடலில் ஒரு கேள்வியை மட்டும் விடாது பற்றிக்கொள்ளுதல் வேண்டும். நம் ஆலய வாயிலிலும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் ‘எல்லாரும் வருக’ என எழுதிவைத்திருக்கிறோம். பிற சாதியில் மணந்ததற்காகத் துரத்தப்படும் இளைஞரும், வேற்று நாட்டிலிருந்து தாள்களின்றி வந்தவரும் அச்சொல்லை நம்பி ஒருநாள் உள்ளே வருவர். துரத்துவோரும் வாயிலுக்கு வருவர், பட்டியலைக் கேட்பர். அன்றைக்கு நம் மூப்பர்கள் என்ன செய்வார்கள் என்பதை இன்றே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்கத் துணிவில்லையெனில், வாயிலில் உள்ள அச்சொல்லை அழித்துவிடுவதே நேர்மை. விலை கொடுக்க மனமில்லாத அடைக்கலம், அடைக்கலம் இல்லாமையைக் காட்டிலும் கொடியது. அது இல்லாவிடில் அம்மக்கள் காட்டுவழியிலேனும் ஓடியிருப்பர்.